நீலச் சேலைக்கு ஒரு ரெகே பாட்டு

போன வாரம் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் என் எதிரே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். காதில் மாட்டும் சமாச்சாரம் கழுத்தில் தொங்கியும், அதை மாட்டாமல், போனை மடியில் வைத்துப் பெட்டி முழுவதுக்கும் பாட்டைத் தானம் செய்துகொண்டு வந்தான். ஏதோ காதல் பாட்டு. வார்த்தை ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் கிடார் மட்டும் "சிக்... சிக்..." என்று தாளத்துக்கு நடுவே, சந்தில் எட்டிப் பார்க்கிற மாதிரி வந்து வந்து போனது. எனக்கு முட்டி வலி. மாடிப்படி என்றால் ரெண்டு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிறவள் நான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு என் கால் என்னைக் கேட்காமலே ஆட ஆரம்பித்துவிட்டது.

பையன் பார்த்துவிட்டான். "ஆன்ட்டி, இது ரெகேன்னு சொல்லுவாங்க. ஜமைக்கா மியூசிக்."

"தெரியும்பா. ஆனா டிரம்ஸ்காரன் முதல் அடியில வந்து குந்திக்கினான் பாரு, அது சரியில்ல" என்றேன்.

டிக்கெட் பரிசோதகர் திடீரென்று நடனமாடினால் எப்படிப் பார்ப்பானோ, அப்படிப் பார்த்தான். "நாங்க போட்டுக்கீறோம்பா, தமிழ்ல. உங்கப்பா அரை டிராயர் போட்ட காலத்துல" என்று சொல்ல ஆரம்பித்தேன். கே.ஆர். புரம் வந்துவிட்டது. மரியாதையாகச் சிரித்துவிட்டு இறங்கிப் போனான். பாதி சொன்ன கதை தொண்டையில் மாட்டிக்கொண்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் மீதியை நீங்கள் கேளுங்கள்.

அந்தப் பாட்டு எங்கள் ஊருக்கு ஒரு பார்சலில் வந்தது. பழுப்புக் காகிதம், சணல் கயிறு, பிரித்தால் சோப்பு வாசனை. எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். டெரிக் என்று ஒரு ஆங்கிலோ-இந்தியன் எங்கள் மைனில், அதாவது தங்கச் சுரங்கத்தில், எலக்ட்ரிக் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தான். அவனுடைய அக்கா மெரில் லண்டனில் நர்ஸ். அங்கே அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்தவள் பெர்ல் என்கிற ஜமைக்கா நர்ஸ். பெர்ல் சனிக்கிழமைதோறும் போடுகிற இசைத்தட்டுகளைக் கேட்டு மயங்கிப்போய், மெரில் தம்பிக்கு நாலு தட்டு அனுப்பிவைத்தாள். தட்டுகள் உடையாமலிருக்க நடுவில் சோப்புக்கட்டிகளை வைத்துக் கட்டியிருந்தாள். அதனால் எனக்கு இன்றைக்கும் ரெகே என்றால் காதில் கேட்பதற்கு முன்னால் மூக்கில் லாவெண்டர் அடிக்கும்.

நான் அப்போது மைனின் டைம் ஆபீசில், அதாவது வேலைக்கு வருகிறவர்களின் கணக்கு எழுதுகிற இடத்தில், டைப்பிஸ்ட். மைசூர் மைன்ஸ் என்கிற எங்கள் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகிற இரண்டு பெண்களில் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவேன். நாங்கள் புராட்டஸ்டன்ட். என் குரலில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஆனால் எந்தச் சுருதியில் விட்டாலும் அங்கேயே நிற்கும். "மேய உட்ட எருமை மாதிரி நவுராது" என்று எங்கள் கொயர் மாஸ்டர் பாராட்டுவார். பாராட்டுதான் அது.

டெரிக் கிடார் வாசிப்பான். டிரம்ஸ் அடிக்கிறவன் செல்வராஜ். கத்தோலிக்கப் பையன், மைனின் கொல்லுப்பட்டறையில் பெரிய சம்மட்டி அடிக்கிற வேலை. டெரிக்கின் அம்மாவை எல்லோரும் ஆன்ட்டி என்போம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பியானோ. ஆன்ட்டிக்கு வலது கையில் வாதம் வந்து விரல்கள் மடங்காது. இடது கை மட்டும் ஜோராக ஓடும். அந்த இடது கைதான் எங்கள் பாஸ் கிடார். அப்படி ஒரு பாஸ் லண்டனில்கூடக் கிடைத்திருக்காது என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாச் சர்ச்சும் முடிந்து, ஆன்ட்டி வீட்டில் மஞ்சள் சோறும் உருண்டைக் குழம்பும் சாப்பிட்டு, ஏப்பத்தோடு இசைத்தட்டைப் போடுவோம். முதல் நாள் அந்தத் தட்டைக் கேட்டதும் செல்வராஜ் சொன்னது: "இன்னாடா இது, டிரம்ஸ்காரன் லேட்டா வரான்? சம்பளத்துல புடிக்க மாட்டாங்களா?"

உண்மைதான். எங்கள் காதுக்கு எல்லாப் பாட்டும் 'ஒண்ணு' என்பதில்தான் கால் ஊன்றும். இதில் அந்த ஒண்ணு காலி. கிடார் சந்துகளில் வெட்டுகிறது. பெரிய டிரம் மூணாவது அடியில் வந்து பொத்தென்று உட்காருகிறது. நாங்கள் ஒரு மாதம் மாரடித்தோம். அதே மாதிரி வாசித்துப் பார்த்தால், கல்யாண பேண்டு வழி தவறிப்போன மாதிரி இருந்தது. டெரிக் அக்காவுக்குக் கடிதம் எழுதினான். பதில் வந்தது. மெரில் எழுதிய கடிதத்தின் ஓரத்தில் பெர்ல் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தாள். பசங்களைக் குறைவாக வாசிக்கச் சொல்லு, அவ்வளவுதான் ரகசியம் என்று.

"குறைவா வாசி மேன்" என்று டெரிக் அன்றிலிருந்து எல்லோரையும் விரட்ட ஆரம்பித்தான். (என்னையும் அவன் 'மேன்' என்றுதான் கூப்பிடுவான். அவன் அம்மாவையே ஒருநாள் கூப்பிட்டு அடி வாங்கினான்.)

இங்கிலீஷ் பாட்டை எத்தனை நாள் பாடுவது? நமக்கென்று தமிழில் ஒரு காதல் பாட்டு வேண்டும் என்று ஆசை வந்தது. எழுத ஆள் வேண்டும். அப்போது செல்வராஜ் கூட்டிக்கொண்டு வந்தவர்தான் கௌதமன் அண்ணன்.

நந்திதுர்க்கில், மைன் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு. பௌத்தக் குடும்பம். அண்டர்கிரவுண்டில் டிம்பர்மேன் வேலை, அதாவது பாறை மேலே விழாமல் மரம் கொடுத்து நிறுத்துகிறவர். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். வெள்ளைச் சட்டையில் எப்போதும் நோட்டும் பென்சிலும். புத்தர் பிறந்த விசாகத்துக்கு அவர்கள் ஹாலில் பாடுகிற பாட்டெல்லாம் இவர் எழுதியது என்று செல்வராஜ் சொன்னான். அவர் வெட்கப்பட்டுக் கீழே பார்த்தார்.

ஆன்ட்டிக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. "என் மேஜையில எத்தன சாமி மேன்! ரோமன், புராட்டஸ்டன்ட், இப்ப புத்தாவும் வந்தாச்சி."

"ஆன்ட்டி, எங்காளு சாமி இல்ல. மனுசன்" என்றார் கௌதமன்.

"அப்போ அந்த மனுசனுக்கும் சேர்த்து சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள் ஆன்ட்டி.

டெரிக் அவரிடம் நிலா வேண்டும், ரோஜா வேண்டும், லவ் சாங் என்றால் அதெல்லாம் இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டான். கௌதமன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நெலாவ நான் எங்கப்பா பாத்தேன்? பகல் ஷிப்டு முடிஞ்சா ராத்திரி தூங்கிடறேன், ராத்திரி ஷிப்டுன்னா கீழ கீறேன்" என்றார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு நாலு வரி எழுதி என்னிடம் நீட்டினார்.

கேஜு விட்டு ஏறனா மொதல்ல தெரியும்
கொடியில காயும் ஒன் நீலச் சேல
வானம்னு ஒண்ணு தனியா எதுக்கு
வந்துட்டேன் புள்ளே, மடிச்சி வைக்காதே

கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற கூண்டு. எட்டு மணி நேர இருட்டுக்குப் பிறகு அதிலிருந்து வெளியே வருகிறவன் கண்ணுக்கு முதலில் என்ன தெரியும் என்று எங்களில் யாரும் அதுவரை யோசித்ததில்லை. நாங்கள் எல்லாம் தரைக்கு மேலே வேலை செய்கிறவர்கள். டெரிக் மெதுவாக, "ரோஜா வேணாம் மேன்" என்றான்.

வார்த்தை வந்ததும் அடுத்த சண்டை. நான் 'கேஜு' என்று முதல் அடியில் பாட்டை எடுப்பேன். அங்கே டிரம் இருக்காது. இருட்டில் படி இருக்கிறது என்று காலை வைத்துவிட்டு விழுகிற மாதிரி என் குரல் பள்ளத்தில் விழும். மூன்று ஞாயிறு விழுந்தேன். அழுதும்விட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெரிக் தாளத்தை மாற்றிவிடலாம் என்றான். ஆன்ட்டி வார்த்தையை மாற்றலாம் என்றாள். செல்வராஜ்தான் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"எங்க பட்டறைய பாத்துக்கீறியா? மேஸ்திரி கையில சின்ன சுத்தி. அவரு சும்மா 'டிங்'குனு தட்டி எடத்த காட்டுவாரு. அப்புறம்தான் நான் சம்மட்டிய போடுவேன், 'தொம்'முனு. அவரு தட்டும்போது நான் போட்டா அவரு கை போய்டும். நீதான் சின்ன சுத்தி. எடத்த காட்டு, போதும். நான் கரெக்டா வந்து போடறேன். பயப்படாத."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் விழவில்லை. ஜமைக்காக்காரர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்களோ எனக்குத் தெரியாது. எங்களுக்கு அது கொல்லுப்பட்டறையில் கிடைத்தது. கல் உடைக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு எந்தத் தாளமும் அந்நியம் இல்லை என்று நான் பெருமை பேசினால், என் பேத்தி "ஆரம்பிச்சிட்டாங்க" என்று எழுந்து போய்விடுவாள். நீங்கள் போகாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் மைன்ஸிலேயே ஊரிகம் என்கிற இடத்தில் ஒரு ஹாலில் பாட்டுக் கச்சேரி. பகல் ஷிப்ட் ஆட்கள் குளித்துவிட்டு வரலாம். ராத்திரி ஷிப்ட் ஆட்கள் பார்த்துவிட்டுப் போகலாம். அதற்காகவே அந்த நேரம். பல குழுக்கள் பாடும், நாங்களும் உண்டு. டெரிக் யாரோ இன்ஜினியரிடம் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கினான். பாட்டைப் பதிந்து லண்டனுக்கு அனுப்ப வேண்டும், பெர்ல் கேட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் திட்டம்.

அதற்கு முந்திய ஞாயிறு, எல்லோரும் கிளம்பும்போது கௌதமன் அண்ணன் என் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, பாட்டுக்கு முன்னால எழுதனது யாருன்னு மைக்குல சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்கண்ணா. ப்ரோக்ராம் நான்தான் டைப் அடிக்கறேன்."

"எம்பேர போட்டுடு." அவர் பென்சிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், வைத்தார். "எனக்கு வேற ஒண்ணும் வாணாம். எங்கூட்டுக்காரி அஞ்சலை நம்பறதே இல்ல. அதுக்குப் படிக்கத் தெரியாது. நோட்ட பாத்தா கிறுக்கி வச்சிக்கீறேன்னு சிரிக்கும். விசாகத்துல நம்ம பாட்ட பாடனாங்க, எழுதனவன் பேர சொல்லல. ஊட்டுக்கு வந்து நான்தான் எழுதனதுன்னா, 'ஆமா, ரேடியோவுல வர்றதும் நீதான் எழுதன'ங்குது. பன்னண்டு வருசமா எழுதறேன் தங்கச்சி. ஒரே ஒரு தடவ மைக்குல எம்பேரு அது காதுல வுழுந்தா போதும். வரச் சொல்றேன்."

"முதல் வேலையா உங்க பேரைத்தான் அடிப்பேன்" என்றேன். வாக்குக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போது எங்கள் டைம் ஆபீஸ் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரைக்கு மேலே வேலை செய்கிறவர்களைப் பேர் போட்டு எழுதுவோம். அண்டர்கிரவுண்ட் ஆட்களுக்குப் பேர் கிடையாது, பித்தளை டோக்கன் நம்பர்தான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எங்கள் ஹெட் கிளார்க் விளக்குவார். ஒரே ஷிப்டில் ஏழெட்டு முனுசாமி இருந்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே போகும்போது டோக்கனை எடுத்துக்கொண்டு போவார்கள், வெளியே வந்ததும் பலகையில் மாட்டுவார்கள். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே. நான் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான நம்பர்களை அடிப்பேன், கௌதமன் அண்ணனுடையதும் அதில் ஒன்று. என் விரல்களுக்கு மனுஷர்களைத் தெரியாது, நம்பர்களைத்தான் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை வருகைக் கணக்கு எழுதுகிற இரண்டு மஸ்டர் ஷீட்டுகளுக்கு நடுவே, ஹெட் கிளார்க் பார்க்காத நேரத்தில், ப்ரோக்ராம் தாளை மெஷினில் செருகிப் படபடவென்று அடித்து முடித்துப் பைக்குள் மடித்து வைத்தேன். படித்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? நான் தப்பே அடிக்காத டைப்பிஸ்ட் என்று ஊரில் பேர்.

சனிக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் ஆபீசர்கள் குடும்பம், நடுவில் கிளார்க்குகள், பின்னால் பெஞ்சிலும் தரையிலும் லைன் வீட்டு ஜனங்கள். நாங்கள் மேடையில் ஏறினோம். ஆன்ட்டி தலையில் தொப்பியோடு பியானோ முன்னால் உட்கார்ந்தாள். கௌதமன் அண்ணன், பகல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்தவர், திரைக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில், அசையாமல் நின்றார். டெரிக் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டான். மைக்கில் அறிவிப்புச் செய்கிறவர் பக்கத்து ஊர்க்காரர். கச்சேரிக்காக வந்தவர். மைன்ஸ் பழக்கம் தெரியாது. என் தாளை வாங்கிக் கணீரென்று படித்தார்.

"அடுத்து, புதிய தமிழ்க் காதல் பாட்டு. கிடார், டெரிக். டிரம்ஸ், செல்வராஜ்." கைதட்டல். "பாட்டு எழுதியவர், அண்டர்கிரவுண்ட், டூ ஃபோர் ஒன் செவன்."

முன்னால் யாரோ சிரித்தார்கள். பின்னால் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ஏன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் அண்டர்கிரவுண்ட் நம்பரை ஜனங்கள் முன்னால் உரக்கப் படிப்பது ஒரே ஒரு நேரத்தில்தான். கீழே பாறை வெடித்து, தரை நடுங்கி, பெண்களெல்லாம் சுரங்கக் குழியின், அதாவது ஷாஃப்ட்டின், கேட்டுக்கு ஓடி வந்து நிற்கும்போது, டைம்கீப்பர் வெளியே வந்து திரும்பி வராதவர்களின் நம்பரைப் படிப்பார். இங்கிலீஷில்தான் படிப்பார். அதனால் கல்யாணம் ஆன முதல் வாரத்திலேயே புருஷன் பெண்டாட்டிக்குத் தன் நம்பரை இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்துவிடுவான். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பெண்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த நாலு வார்த்தைதான்.

"அய்யோ!"

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மடியிலிருந்த குழந்தையைப் பக்கத்தில் இருந்தவள் பிடித்துக்கொண்டாள். "எந்த ஷாஃப்ட்டு? எந்த ஷாஃப்ட்டுபா?" என்று ஆண்கள் எழ ஆரம்பித்துவிட்டார்கள். சிலர் கதவுப் பக்கம் போய்விட்டார்கள். அஞ்சலை அண்ணியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் அது யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டெரிக்தான் மைக்கைப் பிடித்துக் கத்தினான். "இங்க கீறாரு மேன்! உசிரோட கீறாரு! இதோ பாருங்க, இங்க!" திரைக்குப் பக்கத்திலிருந்து அவரைச் சட்டையோடு பிடித்து இழுத்து மேடைக்கு நடுவே நிறுத்தினான்.

அஞ்சலை அண்ணி நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்து வந்தாள். ஜனங்கள் வழிவிட்டார்கள். மேடையேறி அவர் மார்பில் ரெண்டு கையாலும் ஓங்கி அடித்தாள், நிஜ ஆள்தானா என்று தட்டிப் பார்க்கிற மாதிரி. பிறகு மைக்குக்காரர் பக்கம் திரும்பினாள்.

"எதுக்குய்யா நம்பர் படிச்ச? செத்தவனுக்கு படிக்கறது அது."

"அம்மா, இதுல அப்படித்தான் போட்டிருக்கு. பாட்டு எழுதினவர்..."

"பாட்டு எழுதனவனா?" அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "நெசமா நீதானா?"

"நான்தான் அஞ்சலை."

அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மைக்குக்காரரிடம், "எழுதனவன்னா அவனுக்குப் பேரு கெடையாதா? நம்பரா எழுதிச்சி?" என்றாள்.

அவர் பாவம், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேர் போடலியேம்மா. என்ன பேர்?"

அந்தக் காலத்தில் எங்கள் லைன் வீடுகளில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பாள், அவள் எடுத்துச் சொல்லுவாள். இப்போதும் அஞ்சலை அண்ணி சுற்றிப் பார்த்தாள். யாராவது சொல்லியிருக்கலாம். டெரிக் சொல்லியிருக்கலாம், நான் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவள் மைக்குக்குக் கிட்டே போய், அது கடிக்கும் என்று நினைத்தவள் மாதிரி கழுத்தை மட்டும் நீட்டினாள்.

"கௌதமன். எம்புருசன் பேரு கௌதமன். நந்திதுர்க் டிம்பர்மேன் கௌதமன்."

ஹாலில் எழுந்த சத்தத்தை எப்படிச் சொல்வேன்! பின்வரிசை முழுக்க எழுந்து நின்று கத்தியது. அவர் ஷிப்ட் ஆட்கள் தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். "சொல்லிட்டாடி! மைக்குலயே சொல்லிட்டா!" என்று ஒரு பாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். அஞ்சலை அண்ணி எதையும் கவனிக்காமல் கீழே இறங்கி, ஆபீசர் குடும்பத்துக்காகப் போட்டிருந்த முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "ம், பாடுங்க" என்றாள்.

பாடினோம். நான் இடத்தைக் காட்டினேன், செல்வராஜ் வந்து போட்டான். ஆன்ட்டியின் இடது கை அன்று போல என்றும் நடந்ததில்லை. முதல் அடி காலியாக, மூணாவது அடியில் டிரம் வந்து விழ, கொடியில் காயும் நீலச் சேலையை நான் பாடியபோது அஞ்சலை அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை வந்தபோது சட்டென்று முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

கச்சேரி முடிந்து அவர்கள் கிளம்பும்போது பின்னாலேயே போனேன். "என் சேல காயறத ஊருக்கே பாட்டா சொல்லிட்டியே, நாளைக்கி அத்தன பேரும் எங்கூட்டு கொடியத்தான் பாக்கப்போறானுங்க" என்று அவரைக் குடைந்துகொண்டிருந்தாள். நான் முன்னால் போய் நின்று, "அண்ணி, தப்பு என்னுதுதான். நான்தான் பழக்கத்துல நம்பர அடிச்சிட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அது? வாயி நல்லா பாடுது. கையத்தான் ஒடிக்கணும்" என்றாள். பிறகு என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். கௌதமன் அண்ணன் முகத்தில் அன்று இருந்த சிரிப்பை நான் வேறு எந்த மனுஷன் முகத்திலும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை முதல் நான் அண்டர்கிரவுண்ட் ஷீட்டிலும் நம்பருக்குப் பக்கத்தில் பேர் அடிக்க ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். ஹெட் கிளார்க் "ஏனம்மா, ரிப்பன் வேஸ்ட், பேப்பர் வேஸ்ட்" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஏழு முனுசாமி வந்தா இன்னா பண்ணுவே?" என்றார். "ஏழு தடவ அடிக்கறேன் சார்" என்றேன். ஒரு மாதம் கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கல்யாணமாகி அந்த வேலையை விடுகிறவரை அடித்தேன். பாட்டைவிட எனக்கு இதில்தான் பெருமை அதிகம், நிஜமாகச் சொல்கிறேன்.

லண்டனிலிருந்து பதில் வந்தது. டேப்பை மெரிலும் பெர்லும் சனிக்கிழமை முழுக்கப் போட்டுப் போட்டுக் கேட்டார்களாம். டிரம்ஸ்காரருக்கு ஜமைக்காவில் சொந்தக்காரர்கள் உண்டா என்று பெர்ல் கேட்டிருந்தாள். செல்வராஜ் அந்தக் கடிதத்தை வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிக் கரி அப்பித் திருப்பிக் கொடுத்தான். இன்னொன்றும் எழுதியிருந்தாள். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் ஒரு பெண் ஏதோ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாளே, மெரிலுக்கும் தமிழ் மறந்துபோய் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை, ஆனால் பாட்டிலேயே சிறந்த இடம் அதுதான், அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. டெரிக் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா போனான். பியானோவைக் கரையான் தின்றுவிட்டது. செல்வராஜின் பட்டறையில் நெருப்பு அணைந்தது. மைன்ஸை மூடினார்கள். டைம் ஆபீஸ் கட்டடத்தில் கூரை இல்லை. நான் பேர் அடித்த தாள்களெல்லாம் எந்தக் கடையில் எதைப் பொட்டலம் கட்டினவோ தெரியாது. டோக்கன் பலகையைப் போன வருஷம் போய்ப் பார்த்தேன். கொக்கிகள்கூட இல்லை. பிடுங்கின ஓட்டைகள்தான் வரிசையாக இருந்தன. டெரிக் இல்லை, செல்வராஜ் இல்லை, கௌதமன் அண்ணனும் இல்லை. அவருக்குப் பிறகு நாலு வருஷம் அஞ்சலை அண்ணி இருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை. மறுநாளிலிருந்து புருஷனைக் கூப்பிடப் பழையபடி "ந்தா" தான். "அதான் ஒரு தடவ சொல்லிட்டனே, ஊரே கேட்டுச்சே" என்பாள்.

அந்த ஒரு தடவை எங்கள் டேப்பில் மட்டும்தான் இருந்தது. வேறு பிரதி எடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. பெர்ல் வேலையை விட்டு ஜமைக்காவுக்குத் திரும்பியபோது அதையும் கொண்டுபோய்விட்டாள் என்று மெரில் கடைசியாக எழுதினாள். அங்கே ஏதாவது ஒரு வீட்டு அலமாரியில் அது கிடக்கலாம், மக்கியும் போயிருக்கலாம். யாராவது தூசி தட்டிப் போட்டுக் கேட்டால், ஒரு கூட்டம் ஆரவாரிக்கிற சத்தமும், அதற்கு முன்னால் ஒரு பெண் கழுத்தை நீட்டிச் சொல்கிற ஒரு சொல்லும் கேட்கும். அது பாட்டு எழுதியவரின் பேர் என்று எடுத்துச் சொல்ல, இங்கே நான் ஒருத்திதான் மிச்சம்.